பூஜ்யம் சொன்னதும் உட்காரவும்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் வாழ்நாள் முழுக்க எதைப் பார்ப்பார்? அடுத்தவர் மூக்கைத்தான் பார்ப்பார். நம் கண்ணாடிக்காரரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சப்பை மூக்கு, கூர் மூக்கு, எதை வைத்தாலும் வழுக்கிவிடும் எண்ணெய் மூக்கு, எந்த ஃபிரேமைப் போட்டாலும் கோபித்துக்கொண்டு சிவக்கும் மூக்கு. ஒரு நாள் வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் அலுத்துக்கொண்டார்.

"என்ன பொழப்பும்மா இது. காலைல கடையத் தொறந்தா மூக்கு, மத்தியானம் மூக்கு, சாயங்காலம் மூக்கு."

மகள் சிரித்தாள். "கொஞ்சம் மேல பாருங்கப்பா" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு அட்டைக் குழாய், காகிதம்போல் மெல்லிய மரப்பலகை, கூம்பாக ஒரு பிளாஸ்டிக் மூக்கு, மடித்து வைத்த ஆரஞ்சு நிறப் பாராசூட், நிறுத்த ஒரு கம்பி, ஒயரோடு ஒரு பொத்தான், விரல் நீளத்துக்கு மருந்து அடைத்த குழல் ஒன்று. அந்தக் குழல்தான் என்ஜின். எல்லாவற்றையும் ஒட்டி முடித்தால் ஒரு முழம் உயரத்துக்கு ராக்கெட் வரும்; பொத்தானை அழுத்தினால் நிஜமாகவே வானத்துக்குப் போகும்; உச்சியில் பாராசூட் விரிந்து மெல்ல இறங்கும். மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "நான் லீவுல வர்றேன். நான் வர்றதுக்குள்ள பறக்க விட்டீங்கன்னா உங்ககூட டூ."

கண்ணாடிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அடுத்த கடைக்குப் போனார். அங்கே இருந்தவர் பல் டாக்டர். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது ஒரே சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இவர் மாட்டிவிட்ட கண்ணாடியில் பார்த்து, அவர் கட்டிவிட்ட பல்லால் சிரித்துக்கொண்டிருந்தது அந்தத் தெரு. ஒருவருக்குத் தும்மல் வந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மற்றவர், "மாத்திரை போட்டியாடா?" என்று கத்துவார். அப்படிப்பட்ட சிநேகம்.

"டேய் பல்லு, இத பாரேன்!"

பல் டாக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றினார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு இரண்டு பேரும் கண்ணாடிக் கடையின் மேஜை முன்னால் உட்கார்ந்தார்கள். பலகையிலிருந்து வால் துடுப்புகளை வெட்டினார்கள். கட்டுப்பல்லைத் தேய்க்கும் உப்புத்தாளால் டாக்டர் அவற்றைத் தேய்த்துத் தேய்த்துப் பட்டாக்கினார். பசை காயும்வரை துடுப்பு சாயாமல் இருக்க, தன்னுடைய இடுக்கியையே கொண்டுவந்து பிடித்துக்கொண்டு பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். குச்சி வைத்த சின்னக் கண்ணாடியைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்து, "ஈறு நல்லா இருக்குடா" என்றார். கடைசியாக, பெட்டியில் வந்த காகிதத்தில் சொல்லியிருந்தபடி, ராக்கெட்டின் இடுப்பில் கயிறு கட்டித் தலைக்கு மேலே சுழற்றினார்கள். மூக்கு முன்னால் போனால் நேராகப் பறக்கும், வால் முன்னால் போனால் பறக்காது. மூக்குதான் முன்னால் போனது. போகிற போக்கில் அலமாரியிலிருந்து நாலைந்து ஃபிரேம்களையும் தட்டிவிட்டுப் போனது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை. பல் டாக்டர்தான் ஆரம்பித்தார்.

"ஊர்ல இதுக்குன்னே ஒரு சங்கம் இருக்காம்டா. வான்கலப் பேரவைன்னு பேரு. ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சா நல்லதில்லையா?"

"எதுக்குடா? கடைசி பஸ் ஸ்டாப்புக்கு அந்தாண்ட அவ்வளவு பெரிய பொட்டல் கெடக்கு. யார் கேக்கப் போறா?"

"நாளைக்கு யாராவது கேட்டா? நாலு பெரிய மனுஷங்க கூட இருந்தா நமக்கும் ஒரு மரியாதை."

இதைக் கேள்விப்பட்ட கண்ணாடிக்காரரின் மனைவி ஒரே வரியில் சொன்னாள். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம். நீங்க சும்மா கெடக்குற சங்கத்தப் போயி ஊதப் போறீங்க."

பேரவை, ஒரு பெரிய நாற்காலிக் கடையின் மாடியில் இருந்தது. கடைக்காரர்தான் தலைவர். அதனால் கூடத்தில் போட்டிருந்த நாற்காலிகள் எல்லாமே உயர்ந்த ரகம். மெத்தை வைத்தவை, கை வைக்கும் இடத்திலும் மெத்தை. சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்தவர் அப்படிப் பார்க்கச் சொல்லியிருப்பார்.

கூட்டம் தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். செயலாளர் ஒலிபெருக்கிக்கு முன் வந்தார். அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்று வாழ்நாளில் பல லட்சம் முறை சொன்னவர். ஒரு முறைகூட வருந்தியதில்லை. அந்தக் கம்பீரமான குரலில் அவர், "பத்து" என்றார். கூட்டம், "பத்து" என்றது. "ஒன்பது." "ஒன்பது." குரல் ஏற ஏற, கண்ணாடிக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. கண்கள் தாமாக ஜன்னலுக்குப் போயின. எங்கேயோ ஏதோ கிளம்பப்போகிறது! "மூன்று... இரண்டு... ஒன்று... பூஜ்யம்!"

எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

அவ்வளவுதான். நின்றுகொண்டிருந்தது கண்ணாடிக்காரர் மட்டும்தான்.

"புது ஆளு. போகப் போகப் பழகிடும்" என்று பின்வரிசையிலிருந்து யாரோ பெருந்தன்மையோடு சொன்னார்கள்.

கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இதுவரைக்கும் எத்தனை ராக்கெட் விட்டிருக்கீங்க ஐயா?"

தலைவர் புன்னகையோடு எழுந்தார். நல்ல கனத்த உடம்பு. நாற்காலியே அவரை விட மனமில்லாமல்தான் விட்டது.

"அருமையான கேள்வி. உலகத்துல மத்த சங்கமெல்லாம் ராக்கெட் விடுது. விட்டு என்ன ஆகுது? கீழ விழுது! ஆனா நம்ம பேரவை தொடங்கின நாள்லேருந்து இந்த நிமிஷம் வரைக்கும் ஒரே ஒரு ராக்கெட்டாவது கீழ விழுந்திருக்கா? ஒருத்தர் மேலயாவது பட்டிருக்கா? ஒரு கூரையாவது எரிஞ்சிருக்கா? ஏன்?"

விட்டால்தானே விழும் என்று கண்ணாடிக்காரரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கட்டுப்பாடு!" என்றார் தலைவர். கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது.

பல் டாக்டரும் தட்டினார். தட்டிவிட்டு, உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைமெத்தையை மெல்லத் தடவிக்கொடுத்தார். "இதுல உக்காந்து பாரேன்டா. முதுகே இருக்கிற மாதிரி தெரியல" என்று கிசுகிசுத்தார். அப்போதே கண்ணாடிக்காரர் சுதாரித்திருக்க வேண்டும்.

ராக்கெட்டைப் பார்த்துப் பேரவை உண்மையிலேயே மகிழ்ந்தது. அத்தனை வருஷத்தில் அங்கே வந்து சேர்ந்த முதல் ராக்கெட் அது. உடனே அதைப் 'பரிசீலனைக்காக' ஒரு கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைச் செயலாளர் இடுப்பில் செருகிக்கொண்டார். "பறக்கறதுக்கு முன்னாடி நாலு பேர் பாக்கணுமில்ல?" என்றார். என்ஜினை மட்டும், ஆபத்தான பொருள் என்று, டாக்டரிடமே வைத்திருக்கச் சொன்னார்கள். படித்தவர் என்பதால்.

பிறகு குழுக்கள் பிறந்தன. ராக்கெட்டில் எத்தனை உறுப்பு உண்டோ அத்தனை குழு. கண்ணாடிக்காரரை, அவருடைய நீண்ட அனுபவத்தை உத்தேசித்து, மூக்குக் குழுவில் போட்டார்கள். அவருக்கு அழுகையாக வந்தது. பல் டாக்டர் துடுப்புக் குழுவின் அமைப்பாளரானார். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வெள்ளி வில்லையும் கிடைத்தது. அதைக் குத்திக்கொண்டுதான் பல்லும் பிடுங்கினார்.

முதலில் பாராசூட் விவகாரம் வந்தது. துணைத்தலைவர் ஒருவர் ஆவேசமாக எழுந்தார். "மேல போறதுக்கு முன்னாடியே எறங்குறதப் பத்தி நெனைக்கிறவன் ஒரு மனுஷனா? பாராசூட் வைக்கிறது பேரவை மேல நம்பிக்கை இல்லைன்னு சொல்றதுக்குச் சமம்!" இன்னொரு துணைத்தலைவர், "இறங்குவதிலும் ஒரு கண்ணியம் வேண்டும்" என்றார். மூன்று கூட்டங்கள் விவாதித்து, பாராசூட் இருக்கலாம், ஆனால் குழுவின் முன் அனுமதி இல்லாமல் அது விரியக் கூடாது என்று முடிவானது.

அடுத்தது திசை.

"இது எந்தப் பக்கம் போகும்?" என்றார் செயலாளர்.

"மேலங்க."

"மேலன்னா? யாருக்கு மேல?"

"எல்லாருக்கும் மேலதாங்க."

"தலைவருக்குமா?"

தலைவர் கையை உயர்த்தினார். "என்னைப் பொறுத்தவரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல. நான் சாதாரண மனுஷன். ஆனா பதவின்னு ஒண்ணு இருக்கே. இன்னைக்கு ஒரு அட்டைக் குழாய் என் தலைக்கு மேல போச்சுன்னா, நாளைக்கு யார்தான் போகமாட்டாங்க?" ஆகவே, ராக்கெட் முற்றத்திலிருந்து கிளம்பும்போது தலைவர் மொட்டைமாடியில் நிற்பார் என்று தீர்மானமானது. அதற்கும் மேலே அது போனால்? அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

கண்ணாடிக்காரருக்குத் தூக்கம் கெட்டது. ஆனாலும் உள்ளே நம் ஆள் இருக்கிறானே என்ற தைரியம் இருந்தது. ஒவ்வொரு கூட்டம் முடிந்து படி இறங்கும்போதும் டாக்டர் அவர் தோளில் கை போட்டுச் சொல்வார்: "உள்ள இருந்தாதான்டா எதையும் சாதிக்க முடியும். வெளிய நின்னு கத்தினா யார் கேப்பா? எங்கிட்ட விடு."

அடுத்த கூட்டத்தில் பித்தளைத் தகடு வந்தது. ராக்கெட்டில் பொறுப்பாளர்களின் பெயர்களைப் பொறிக்க வேண்டும், வண்ணத்தில் எழுதினால் அழிந்துவிடும், ஆகவே துடுப்பு ஒவ்வொன்றிலும் பித்தளைத் தகடு அடித்து அதில் செதுக்கலாம் என்று ஒரு யோசனை. முன்மொழிந்தவர் துடுப்புக் குழுவின் அமைப்பாளர்.

கண்ணாடிக்காரரால் தன் காதுகளையே நம்ப முடியவில்லை. தேய்த்துத் தேய்த்துப் பட்டாக்கிய கை அது. படி இறங்கும்போது டாக்டரின் சட்டையைப் பிடித்தார்.

"டேய், பித்தளைய வால்ல கட்டினா அது எப்படிடா எழும்பும்? நாமதானே சுத்திப் பாத்தோம்?"

"மொதல்ல அவங்க மனசு எழும்பட்டும்டா. அப்புறம் ராக்கெட்ட எழுப்பிக்கலாம்." டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சும்மா அவங்கள சமாதானப்படுத்த. பறக்க விடுற அன்னைக்குக் காலைல யாருக்கும் தெரியாம நானே திருகக் கழட்டிடுவேன். என்ஜின் எங்கிட்டதானே இருக்கு? அதையும் நானே மாட்டிடறேன். உன் பொண்ணு வரா. அவ முன்னாடி நான் உன்ன அசிங்கப்பட விடுவேனா?"

விடமாட்டான் என்று கண்ணாடிக்காரர் நம்பினார். இவ்வளவு வருஷமாக ஒரே சுவரில் சாய்ந்துகொண்டிருந்த மனிதரை எப்படி நம்பாமல் இருப்பது?

மகள் வந்து இறங்கினாள். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை; "எங்கப்பா ராக்கெட்?" என்றாள். "பேரவையில இருக்கும்மா" என்றார். "நாம வாங்கினது அங்க ஏன் இருக்கு?" என்று அவள் கேட்டாள். "நல்ல நல்ல நாற்காலியெல்லாம் போட்டிருக்காங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைந்துவிட்டது. நடுவில் ஒரு சிவப்பு விரிப்பு, அதன்மேல் மரப்பெட்டி, அதன்மேல் கம்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நம் ராக்கெட். பித்தளை வெயிலில் மின்னியது. கண்ணாடிக்காரர் திடுக்கிட்டு டாக்டரைத் தேடினார். டாக்டர் முன்வரிசையில் இருந்தார், மார்பில் நீலப் பட்டை. கண்ணைச் சிமிட்டினார். கழற்ற நேரமில்லை போலிருக்கிறது, ஆனாலும் ஏதோ வழி செய்திருப்பான் என்று கண்ணாடிக்காரர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அப்புறம் பேசினார்கள். துணைத்தலைவர்கள் பேசினார்கள், மூக்கு பேசியது, வால் பேசியது, கயிற்றுக் குழு பேசியது. தலைவர் மொட்டைமாடியிலிருந்து கையை அசைத்துப் பேசினார். காற்றில் பாதிதான் கீழே வந்தது. "...இதுபோன்ற இளைஞர்களை..." என்று கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சொன்னது மட்டும் கேட்டது. கண்ணாடிக்காரருக்கு முன்வழுக்கை. வெயில் அதில் நன்றாகவே ஏறியது.

ஒருவழியாகச் செயலாளர் எண்ணத் தொடங்கினார். பொத்தான் கண்ணாடிக்காரர் கையில். மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இரண்டு... ஒன்று... பூஜ்யம்!"

கண்ணாடிக்காரர் அழுத்தினார்.

கூட்டம் உட்கார்ந்தது. ராக்கெட்டும் உட்கார்ந்தே இருந்தது.

மறுபடி அழுத்தினார். இன்னும் பலமாக அழுத்தினார். அதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது. விசில்கூட யாரோ அடித்தார்கள். மகள் ஓடிப்போய்க் குனிந்து ராக்கெட்டின் அடியில் பார்த்தாள். அப்படியே நிமிர்ந்தாள்.

"அப்பா, உள்ள ஒண்ணுமே இல்லப்பா. காலியா இருக்கு."

கண்ணாடிக்காரர் முன்வரிசையைப் பார்த்தார். டாக்டர் தன் நீலப் பட்டையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பெரியோர்களே! ஒரு சிறு தீப்பொறிகூட இல்லாமல், ஒரு பிஞ்சுக் குழந்தைக்கும் சிராய்ப்பு இல்லாமல், நம் பேரவையின் முதல் ஏவுதல் நடந்து முடிந்தது! இந்த வெற்றிக்கு யார் காரணம்? போன மாதமே, யாரும் கேட்காமலே, தானே முன்வந்து, இந்த ராக்கெட்டின் என்ஜினை என்னிடம் ஒப்படைத்து, 'ஐயா, எவ்வளவு நெருங்கிய நண்பனாக இருந்தாலும் எனக்குப் பேரவைதான் முக்கியம்' என்று கண்கலங்கச் சொன்னாரே ஒரு பண்பாளர், அவர்தான்! அன்று மாலையே நான் அந்த என்ஜினை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பேரவையைக் காப்பாற்றினேன். அவருக்கு இன்று முதல் இணைச்செயலாளர் பதவி வழங்கப்படுகிறது!"

போன மாதமே. அதற்குப் பிறகும் எத்தனை முறை அந்தப் படியில் தோளில் கை போட்டு இறங்கியிருப்பான்! கண்ணாடிக்காரருக்கு அந்தத் தோள்பட்டை மட்டும் சில்லென்று ஆனது.

நிகழ்ச்சி இன்னும் முடியவில்லை. ராக்கெட் எப்படியும் மேலே போயாக வேண்டும் என்பதால், இணைச்செயலாளர் அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு படியேறினார். ஒவ்வொரு படிக்கும் கூட்டம் கைதட்டியது. மொட்டைமாடியில் தலைவர் அதை வாங்கித் தன் இடுப்பு உயரத்துக்குப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் தூக்கவில்லை. "நிலைநிறுத்தப்பட்டது!" என்றார் செயலாளர்.

மறுநாள் காலையில் கண்ணாடிக்காரர் அடுத்த கடைக்குப் போனார். டாக்டர் ஒரு பெரியவரின் வாய்க்குள் வேலையாக இருந்தார்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

டாக்டர் திரும்பவில்லை. "இப்ப என்ன ஆயிடுச்சுங்கிற? பறந்திருந்தா எவ்வளவு நேரம் பறந்திருக்கும்? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். இப்பப் பாரு, காலத்துக்கும் நிக்குற மாதிரி பித்தளையில பேரு இருக்கு."

"யார் பேரு?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "உன் பேரும் போடச் சொல்லத்தான் இருந்தேன். இடம் பத்தல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. பயமா இருக்கு, வேணாம்னு சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனே."

"உனக்குக் கடை இருக்கு, பொண்ணு இருக்கு, வீட்டுக்குப் போனா திட்டறதுக்காவது ஒரு ஆள் இருக்கு." டாக்டரின் குரல் திடீரென்று உயர்ந்தது. "நான் நாளெல்லாம் அடுத்தவன் வாய்க்குள்ள பாத்துக்கிட்டு இருக்கேன். எந்த வாயாவது என்னப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கா? அங்க எந்திரிச்சு நின்னா கை தட்டறாங்கடா!"

பஞ்சு அடைத்த வாயோடு பெரியவர், "ஆஆ... ஆஆ" என்று ஏதோ நியாயம் சொல்லப் பார்த்தார். டாக்டர் கருவியை மறுபடி ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியாது. கண்ணாடிக்காரர் திரும்பி வந்துவிட்டார்.

வீட்டில் மகள் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். துணிகளுக்கு அடியிலிருந்து அதே மாதிரி இன்னொரு பெட்டியை எடுத்தாள். "ஒண்ணு காத்துல போயிடுச்சுன்னா வேணுமேன்னு வாங்கிட்டு வந்தேன். காத்துல போகல, வேற எங்கேயோ போயிடுச்சு."

"வேணாம்மா" என்றார் கண்ணாடிக்காரர். "எனக்கு அந்த ஆசையே விட்டுப்போச்சு."

"உங்களுக்கு விட்டுப்போனா போகட்டும்" என்று சமையலறையிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இத்தன நாளா ராக்கெட்டு ராக்கெட்டுன்னு என் உயிர எடுத்தீங்களே, அது என்னதான் பண்ணும்னு நான் பாக்கணும். அந்தத் துடுப்ப இப்படிக் குடு, நான் தேய்க்கிறேன்."

சாப்பாட்டு மேஜையில் செய்தார்கள். அடிக்கொரு தரம் மகள் பசையைக் கேட்டாள், மனைவி வெளிச்சத்தை மறைக்காதே என்றாள். துடுப்பு ஒன்று கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. பிடித்துக்கொள்ள இடுக்கி இல்லை. மகள் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின காலையில், வெயில் ஏறுவதற்குள், மூன்று பேரும் கடைசி பஸ் ஸ்டாப்புக்கு அந்தாண்ட இருந்த பொட்டலுக்குப் போனார்கள். யாரும் பேசவில்லை, எண்ணவில்லை. மகள் தள்ளி நின்று, "ம், அழுத்துங்கப்பா" என்றாள்.

ஒரு சீற்றம். கம்பியில் எதுவும் இல்லை.

கண்ணாடிக்காரர் அண்ணாந்தார். எங்கே என்று கண் தேடுவதற்குள் அது ஒரு வெள்ளைக் கோட்டின் நுனியில் இருந்தது. கோணல் துடுப்பினால் கொஞ்சம் சுழன்றது; சுழன்றபடியே ஏறியது, பறவைகள் திரியும் உயரத்தைத் தாண்டி, கண்ணுக்கு ஒரு புள்ளியாகி, புள்ளியும் கரைந்து, போயேவிட்டது என்று நினைத்த நேரத்தில், வெகு உச்சியில் மெல்லிய 'பட்' சத்தம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு மலர்ந்தது.

"பாத்தியாடா!" என்று கத்திக்கொண்டு அவர் வலது பக்கம் திரும்பினார்.

அங்கே பொட்டல்தான் இருந்தது.

இடது பக்கத்தில் நின்ற மகள் சிரித்தாள். "யாரப்பா 'டா' போடறீங்க?"

மனைவி அவரைப் பார்த்தாள். யாரை என்று அவளுக்குத் தெரிந்தது. இறங்கிக்கொண்டிருந்த ராக்கெட்டைப் பிடிக்கச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

மகள் ஊருக்குப் போன மறு வாரம், கடை வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். இரண்டு பேர் ஒழுங்கு நடவடிக்கைக் குழு. மூன்றாமவர் விசாரணைக்குத் தலைமை ஏற்ற இணைச்செயலாளர். நீலப் பட்டை போட்டிருந்தார்.

"உறுப்பினர் அவர்களே," என்று இணைச்செயலாளர் மேஜையைப் பார்த்தபடி தொடங்கினார். "தாங்கள் ஒரு ராக்கெட்டை உயர்த்தியதாகப் பேரவைக்குப் புகார் வந்துள்ளது."

"ஆமா. உயர்ந்துச்சு."

குழுவில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "பேரவையோட பேரு என்ன ஆறது? நம்ம ஊர்ல இதுவரைக்கும் ஒரு ராக்கெட்கூடக் கீழ வந்ததில்லைங்கற பெருமை போச்சே!"

"அது பத்திரமாத்தானே எறங்குச்சு? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"அதுதான் பெரிய குத்தம்" என்றார் மற்றவர், வெகுளியான வருத்தத்தோடு. "ஏதாவது ஆகியிருந்தாக்கூட, நாங்க சொன்னது சரின்னு ஆகியிருக்கும். இப்ப எங்களப் பத்தி ஊர் என்ன நெனைக்கும்? கொஞ்சமாவது யோசிச்சீங்களா?"

அனுமதியின்றி உயர்ந்ததற்காகவும், அதைவிட முக்கியமாக, அனுமதியின்றிப் பாராசூட் விரிந்ததற்காகவும் கண்ணாடிக்காரரைப் பேரவையிலிருந்து நீக்குவதாக இணைச்செயலாளர் அறிவித்தார். நல்ல தெளிவான குரலில்தான் அறிவித்தார். குழுவினர், தங்களுக்குப் பொருந்துகிற ஃபிரேம் ஏதாவது இருக்கிறதா என்று அலமாரியை ஒரு நோட்டம் விட்டுவிட்டுப் படியிறங்கினார்கள்.

இணைச்செயலாளர் மட்டும் போகவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தார்.

"டேய்," என்றார், மூச்சுவிடுகிற மாதிரி ஒரு குரலில். "உண்மையச் சொல்லு. எவ்வளவு ஒசரம்டா போச்சு?"

கண்ணாடிக்காரர் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் எப்படி இருந்துச்சு? புகை வந்துச்சா? பாராசூட் நாம மடிச்ச மாதிரியே மடிச்சியா? அது விரியறது கண்ணுக்குத் தெரிஞ்சுதா? சொல்லேன்டா."

சொல்ல நிறைய இருந்தது. அந்தச் சீற்றம், சுழன்று சுழன்று ஏறியது, புள்ளி கரைந்தது, பட்டென்று மலர்ந்தது, மனைவி சேலையைச் செருகிக்கொண்டு ஓடியது. இதையெல்லாம் கேட்டால் முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் ஊரில் ஒருவர்தான். அவர்தான் எதிரே குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் துடைத்த கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேஜைமேல் வைத்தார்.

"நீங்க இன்னொரு நாளைக்கு வாங்க டாக்டர்" என்றார். "இப்ப கடையில ஆள் இருக்காங்க."

பல் டாக்டர் சுற்றிலும் பார்த்தார். கடையில் ஒருவரும் இல்லை. கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்தார். ஊன்றியிருந்த கைகளை ஒவ்வொன்றாக மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"சரிங்க" என்றார்.